அவள் ரத்தத்தில் ஒரு பச்சை வெளிச்சம்

"செத்த இத மடியில வச்சுக்கிடுறீங்களா?"

குரல் கேட்டு நிமிர்ந்தாள் செல்லக்கனி.

முதலில் கண்ணில் பட்டது ஒரு வெள்ளை தெர்மாகோல் பெட்டி. அதற்கு மேலே தொப்பலாக நனைந்த முழுக்கைச் சட்டை. அதற்கும் மேலே... இரண்டு கண்கள். இமை நுனியில் மழைத்துளி தொங்க, கெஞ்சலும் சிரிப்புமாக அவளையே பார்த்துக்கொண்டிருந்த கண்கள்.

ஐப்பசி மழை அடித்துக்கொண்டிருந்தது. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற டவுன் பஸ்ஸில் மில் விட்ட கூட்டம் மொத்தமும் ஏறியிருந்தது. நிற்கிறவர்கள் கைச்சுமையை உட்கார்ந்திருக்கிறவர்கள் மடியில் வைப்பது அந்தத் தடத்தில் வழக்கம்தான். தூக்குவாளி, காய்கறிப் பை, ஒரு தடவை உயிருள்ள சேவல்கூட செல்லக்கனியின் மடியில் பயணம் செய்திருக்கிறது. அதனால் யோசிக்காமல் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

அம்மாடி... என்ன குளிர்!

"என்ன சார் இது, ஐஸ் பெட்டியா? மீனு வாங்கிட்டு வாரீகளா?"

"மீன் இல்லைங்க."

"பொறவு? வில்லிபுத்தூருக்கே பால்கோவா கொண்டு போறீகளாக்கும்?"

பக்கத்து சீட்டில் இருந்த ரத்தினம் களுக்கென்று சிரித்தாள். ரத்தினமும் செல்லக்கனியும் ராஜபாளையத்தில் ஒரே பேண்டேஜ் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்ப்பவர்கள். தினமும் ஒரே பஸ், ஒரே சீட்டு.

அவன் கொஞ்சமும் யோசிக்காமல் பதில் சொன்னான்.

"ரத்தம்ங்க."

"எது?"

"மனுஷ ரத்தம். நாலஞ்சு பேரோடது..."

"ஐயோ அம்மா!"

செல்லக்கனியின் இரண்டு கைகளும் மேலே போய்விட்டன. பெட்டி மடியிலிருந்து சரிந்தது. அவன் பாய்ந்து, சேறும் தண்ணீருமாகக் கிடந்த பஸ் தரையில் முழங்காலிட்டு, பெட்டியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தான். பஸ் முழுக்க "ரத்தமா, ரத்தமா" என்று ஒரே கூச்சல். கண்டக்டர் வீரணன் விசிலை ஊதி பஸ்ஸை நிறுத்தினார்.

"எவன்யா அது ரத்தத்தத் தூக்கிட்டு ஏறுனது? எறங்கு மொதல்ல!"

"அண்ணே, ஆராய்ச்சிக்குண்ணே. டாக்டர்கிட்ட எடுத்து காலேஜுக்குக் கொண்டு போறேன்..."

"ஆராய்ச்சியோ கீராய்ச்சியோ... பொம்பளப் புள்ளைக அலறுது. எறங்குய்யா!"

அவன் இறங்கினான். இரண்டு பக்கமும் வயல். ஒதுங்க ஒரு கூரை கிடையாது. பஸ் நகரத் தொடங்கியபோது செல்லக்கனி ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தாள். அவனிடம் குடை ஒன்று இருந்தது. அதை விரித்துப் பெட்டிக்குப் பிடித்துக்கொண்டு, தான் மழையில் நின்றுகொண்டிருந்தான்.

ஆளு நனையுறான்... குடை பெட்டிக்காம்! உள்ள இருக்கிறது யாரு ரத்தமோ எவரு ரத்தமோ... அதுக்கு இம்புட்டு மரியாதையா?

"கண்டக்டரண்ணே! பஸ்ஸ நிப்பாட்டுங்க!"

"இப்ப என்ன தாயி?"

"அவரு ஏறட்டும். பெட்டிய நானே வச்சுக்கிடுதேன்."

"நீதான தாயி அலறுன?"

"அலறுனது நாந்தான். ஏத்துங்கன்னு சொல்றதும் நாந்தான்!"

பெட்டி மறுபடியும் அவள் மடிக்கு வந்தது. இறுகக் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணத் தொறக்கலாம்ங்க. நல்லா மூடித்தான் வச்சிருக்கேன்."

"நீங்க பேசாம வாங்க."

செல்லக்கனி ஓரக்கண்ணைத் திறந்து பார்த்தபோது, அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பார்த்தது தெரிந்தும் பார்வையை எடுக்கவில்லை.

"காதுல என்னங்க... குச்சியா?"

"வேப்பங்குச்சி. ஏன், பாத்ததில்லையா?"

"தோடு போட்டா புண்ணாயிருமோ?"

சட்டென்று முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள். "அது ஒங்களுக்கு எதுக்கு?"

அவன் வாயை மூடிக்கொண்டான். ஆனால் கண்ணை மூடவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிய செல்லக்கனியின் கன்னம், மழைச்சாரலிலும் சுட்டது.

அந்தக் கழுத்தை அவள் மூடிக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. பதினேழு வயதில் அக்கா கல்யாணத்துக்கு ஆசையாகப் போட்ட கவரிங் சங்கிலி... சாயங்காலத்துக்குள் கழுத்தைச் சுற்றிச் செக்கச் சிவந்து, கொப்புளித்து, நீர் வடிந்தது. ஆறியபின் கருப்பாய் ஒரு வளையம் நின்றுவிட்டது. அன்று முதல் ஊக்கு பட்டால் அரிப்பு, ரவிக்கைக் கொக்கி பட்டால் தடிப்பு. தங்கத் தோட்டில்கூட திருகாணியில் என்ன கலந்தார்களோ, இரண்டே நாளில் காது புண்ணாகிவிடும். பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டார் கழுத்தைப் பார்த்துவிட்டு, காபியை மிச்சம் வைத்து எழுந்து போனார்கள். 'தொத்து' என்று ஒரு அம்மாள் வாசலிலேயே சொன்னது இன்னும் அவள் காதில் இருக்கிறது.

அன்று வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்றபோது, ரொம்ப நாளைக்கப்புறம் செல்லக்கனி கழுத்தைப் பார்க்கவில்லை. கண்ணைப் பார்த்தாள். அப்படி என்ன இருக்கிறது இதில்... அந்த ஆள் வைத்த கண் வாங்காமல் பார்த்தானே!

*

அடுத்த வாரம் கம்பெனி சாப்பாட்டுக் கூடத்தில் மேனேஜர் ஒருவனை அழைத்து வந்து நிறுத்தினார்.

"இவர் பேரு பொன்னுராஜ். நம்ம தேவதானத்துக்காரர். காலேஜ்ல டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி பண்றார். பத்து நிமிஷம் பேசணுங்கிறார். கேளுங்க."

செல்லக்கனி சோற்றுருண்டையைத் தட்டிலேயே போட்டுவிட்டு நிமிர்ந்தாள். பெட்டிக்காரன்!

"கவரிங் போட்டா யாருக்கெல்லாம் அரிக்கும்?" என்று கேட்டான் பொன்னுராஜ். பாதிக் கூடம் கையைத் தூக்கியது. ஒருத்தி கால்விரல் மிஞ்சியைக் காட்டினாள், ஒருத்தி வாட்ச் கட்டின இடத்தைக் காட்டினாள். அவனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. நிக்கல் என்று ஒரு உலோகம்... வியர்வை பட்டால் கரைந்து தோலுக்குள் இறங்கும்... சில பேர் உடம்பு அதை எதிரி என்று முடிவு கட்டிவிடும்... என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான்.

"கவரிங்ல மட்டுந்தானா சார்?" என்று கேட்டாள் ரத்தினம்.

"கொக்கி, ஊக்கு, வாட்ச்சு... எவர்சில்வர்லகூட நிக்கல் உண்டு. ஆனா அதுல..."

கம்பெனிச் சங்கு ஊதியது. பெஞ்சுகள் கிரீச்சிட்டன. பாத்திரம் கழுவ எல்லாரும் குழாயடிக்கு ஓடினார்கள். அவன் சொல்லவந்த மிச்சம் அவன் வாயிலேயே நின்றுபோனது.

ரத்தம் கொடுக்கச் சம்மதித்தவர்கள் ஒவ்வொருவராக முதலுதவி அறைக்குப் போனார்கள். கடைசியாக வாசலில் தயங்கி நின்றாள் செல்லக்கனி.

"வாங்க," என்றான் அவன். முகம் மலர்ந்துவிட்டது.

"அன்னைக்கு அலறுனதுக்குப் பழி வாங்குறீகளாக்கும்?"

"மடியில வச்சுக்கிட்டதுக்கு நன்றி சொல்லணும்னு இருந்தேங்க. பேரு தெரியாம யார்ட்ட கேக்க?"

"செல்லக்கனி."

"செல்லக்கனி..." என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். அவன் வாயில் அந்தப் பெயர் புதுப் பெயராக இருந்தது.

நர்ஸ் ஊசியைக் குத்தும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "என் ரத்தத்த எதுல வச்சுக் கொண்டு போவீக?"

"மடியில."

"யாரு மடியில?"

"எம் மடியில. இத வேற யாரையும் நம்பிக் குடுக்கிறதா இல்ல."

நர்ஸ் பஞ்சை அழுத்தியபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

*

ரத்தம் கொடுத்தவர்கள் வந்து பார்க்கலாம் என்று சொல்லியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை ரத்தினத்தைத் துணைக்கு இழுத்துக்கொண்டு, வீட்டில் ரத்தினம் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி இருந்த அந்தக் கல்லூரிக்குப் போனாள் செல்லக்கனி.

ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்த சின்ன அறை. ரத்தினம் வெளியே பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். பகல் பதினோரு மணிக்கு அங்கே கும்மிருட்டு. ஒரு மைக்ராஸ்கோப், அதன் முதுகில் உம்மென்று முனகுகிற ஒரு விளக்கு.

"ஒங்க வெள்ளையணுவப் பிரிச்சு, நிக்கல் கரைச்ச தண்ணியோட சேத்து மூணு நாள் வச்சேன். நிக்கலக் கண்டுக்கிடாத அணு தூங்கிட்டுக் கெடக்கும். எதிரி வந்துட்டான்னு முழிச்சுக்கிட்ட அணு மேல மட்டும் ஒரு சாயம் போய் ஒட்டும். நீல வெளிச்சம் அடிச்சா அந்தச் சாயம் ஒளிரும்," என்றான் பொன்னுராஜ். "மொதல்ல இதப் பாருங்க. இது என் ரத்தம். எனக்கு நிக்கல் ஒண்ணும் செய்யாது."

குனிந்து பார்த்தாள். இருட்டு. எங்கேயோ ஒரு மூலையில் ஒன்றிரண்டு மினுக்கல்.

"இப்ப ஒங்களது."

கண்ணாடித் துண்டை மாற்றினான். அவள் மறுபடியும் குனிந்தாள்.

பச்சை... எங்கே பார்த்தாலும் பச்சை! கறுப்பு வானத்தில் யாரோ வாரி இறைத்தமாதிரி, உருண்டை உருண்டையாய், ஓரம் மட்டும் மோதிரம்போல் சுடர்கிற பச்சை வெளிச்சங்கள். சில பெரியவை, சில பொடியவை, இரண்டு மூன்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு...

"இது... எனக்குள்ள இருக்கிறதா?"

"ஒங்களுக்குள்ளதான்."

"இது நோய் இல்லையா?"

"நோய் இல்ல, தொத்தாது. கோவம். ஒங்க அணுவுக்கு நிக்கலப் பாத்தாக் கோவம் வருது. அம்புட்டுத்தான். தொடாம இருந்தா அது பாட்டுக்கு இருக்கும்."

ஏழு வருஷமாகக் கழுத்தை மூடிக்கொண்டு திரிந்தவள் அந்த மைக்ராஸ்கோப்பை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. எடுத்தால் கண்ணீர் தெரிந்துவிடும்.

"எனக்குக் கோவமே வராதுன்னு எங்கம்மா சொல்லும்," என்றாள் குரலைச் சரிசெய்துகொண்டு.

"பஸ்ல பாத்தேனே!"

இருட்டில் இருவரும் சிரித்தார்கள். அவன் மூச்சு அவள் தோளருகே கேட்டது. ஒரு கணம்... ஒரே ஒரு கணம், அந்த அறை இப்படியே இருட்டாக இருந்தால் என்ன என்று தோன்றியது அவளுக்கு.

வெளியே வந்ததும் ரத்தினம் குறும்பாகக் கேட்டாள். "இத்தன பேரு இருக்கும்போது எங்க புள்ள மேல எப்படி சார் கண்ணு விழுந்துச்சு?"

"பஸ்லயே தெரிஞ்சு போச்சுங்க!" பொன்னுராஜுக்குப் பூரிப்பு தாங்கவில்லை. "காதுல குச்சியப் பாத்ததுமே நெனச்சேன், இவங்களுக்கு நிக்கல் ஒத்துக்கிடாதுன்னு. நான் தேடுனதுலயே இதுமாதிரி ஒளிர்ற அணு வேற கெடைக்கலங்க. இவங்கதான் என் ஆராய்ச்சிக்கே உசுரு."

செல்லக்கனியின் முகத்தில் இருந்த வெளிச்சம் அணைந்தது.

திரும்பி வரும்போது ரத்தினம் முழங்கையால் இடித்தாள். "ஏட்டி, அவரு ஒன்னியப் பாக்கல. ஒங் காதத்தான் பாத்திருக்காரு!"

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். ஆனால் அது முள்ளாய் ஏறிவிட்டது. அப்போ அந்தப் பார்வை... பெயரை அப்படிச் சொன்னது... மடியில் வைத்துக் கொண்டுபோவேன் என்றது... எல்லாம் ஒரு குழாய் ரத்தத்துக்கா?

*

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது அந்தப் பேச்சு கிளம்பியது.

செல்லக்கனியின் அப்பா ஐயாதுரைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கடைத்தெருவில் எவர்சில்வர் பாத்திரக் கடை. தலைதீபாவளிச் சீருக்கும் ஐப்பசிக் கல்யாணத்துக்கும் குடமும் அண்டாவும் வாங்க அந்தச் சுற்றுவட்டாரமே அவரிடம்தான் வரும். ராஜபாளையத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் சங்கு ஊதிப் பாதியில் நின்ற பேச்சு, பஸ்ஸில் ஏறி, வாய்மாறி, கடைத்தெருவுக்கு வந்து சேர்ந்தபோது இப்படி ஆகியிருந்தது: எவர்சில்வரில் விஷம் இருக்கிறது. ஐயாதுரை மகள் கழுத்தில் படர்ந்திருப்பதே அதுதான். அவர்கள் வீட்டில் எவர்சில்வரிலேயே தின்று தின்று அந்தப் பெண்ணுக்கு ரத்தம் கெட்டுவிட்டது. காலேஜில் ஊசி போட்டுப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள்.

கடைக்கு வந்தவர்கள் தட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "பொறவு வாரோம்" என்று போனார்கள். எதிர்க் கடையில் பித்தளைக்குக் கூட்டம்.

"நெசமா தாயி?" ஐயாதுரை சத்தம் போடவில்லை. அதுதான் செல்லக்கனியை உலுக்கியது. "ரத்தம் குடுத்தியா?"

"குடுத்தேன்பா."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலையா? முப்பது வருசமா இந்தத் தெருவுல தலய நிமுத்தி யாவாரம் பாத்தேன். எங் கடைச் சரக்கே எம் புள்ளய அரிச்சிருச்சுன்னு ஊரு சொல்லுதே... அது நெசம்னா, நான் என்ன மனுசன் தாயி?"

நிஜமா பொய்யா என்று அவளுக்கே தெரியாது. அவளும் பாதிதானே கேட்டிருந்தாள்! எவர்சில்வரிலும் உண்டு என்று அவன் வாயால்தானே சொன்னான்.

அம்மா பிச்சையம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "இனிமே இவளுக்கு எவன் வருவான்?"

மறுநாளிலிருந்து செல்லக்கனி வேலைக்குப் போகவில்லை. அப்பாவுக்குத் துணையாகக் கடையில் உட்கார்ந்து, யாரும் வாங்காத தம்ளர்களைத் துடைத்து அடுக்கினாள். கோபம் கோபமாக வந்தது. பெட்டிக்குக் குடை பிடிக்கத் தெரிந்தவனுக்கு, ஒரு பெண்ணின் பெயரை ஊர் வாயில் நனையாமல் பிடிக்கத் தெரியவில்லையே... ஆராய்ச்சிக்கு உசிராம்! அவன் முகத்தில் இனிமேல் விழிக்கக்கூடாது. கூடவே கூடாது.

ஆனாலும் தெருவில் வெள்ளைப் பெட்டி எதையாவது பார்த்தால், கை துணியோடு அப்படியே நின்றுவிடுகிறது.

*

மூன்றாம் நாள் மழை கொஞ்சம் வெறித்த நேரத்தில் அவன் கடை வாசலில் நின்றான். ரத்தினத்திடம் விஷயம் கேட்டு ஓடி வந்திருக்கிறான் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. கையில் ராஜபாளையத்துப் பஞ்சுச் சுருள் ஒன்று, இரண்டு சின்ன மருந்துப் புட்டி.

"ஐயா, நான்தான் பொன்னுராஜ். எல்லாம் என்னால வந்தது."

ஐயாதுரை எழுந்தார். கடைத்தெரு வேடிக்கை பார்க்கக் கூடியது.

"வாங்க தம்பி. இன்னும் ஏதாச்சும் சொல்லணுமோ?"

"அன்னைக்குச் சொல்லாம விட்ட மிச்சத்தச் சொல்லணும். எவர்சில்வர்ல நிக்கல் இருக்கு, நெசந்தான். ஆனா அது மத்த உலோகத்தோட இறுகிக் கெடக்கு. கவரிங் மாதிரி வேர்வையில கரைஞ்சு ஒழுகாது. வாயால சொன்னா நம்ப வேண்டாம், பாருங்க." பஞ்சில் இரண்டு புட்டியிலிருந்தும் ஒவ்வொரு சொட்டு விட்டான். காரமான நெடி மூக்கில் ஏறியது. "நிக்கல் வெளிய வந்தா இந்தப் பஞ்சு ரோஸாகும். வரலைன்னா வெள்ளையாவே இருக்கும். யாராவது ஒரு கவரிங் நகை தாங்க."

கூட்டத்தில் இருந்த ஒரு அம்மாள் வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். தேய்த்தான். பஞ்சு செம்பருத்தி இதழ்மாதிரி சிவந்தது. "ஆத்தாடி!" என்றது கூட்டம்.

புதுப் பஞ்சு எடுத்தான். ஒரு தம்ளரை எடுத்துத் தேய்த்தான்.

செல்லக்கனி தன்னை அறியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். கோபம் எங்கே போனதோ தெரியவில்லை. ஆண்டாளே... வெள்ளையா இருக்கட்டும்... அப்பாவுக்காக... அவனுக்காகவும்...

பஞ்சு வெள்ளையாக இருந்தது.

"இந்தக் குடத்தத் தேய்ங்க தம்பி," என்றார் ஐயாதுரை.

வெள்ளை.

"இந்த அண்டா?"

வெள்ளை.

"அந்த இட்லிச் சட்டி? மேல இருக்கே, அது... தாயி, எடுத்துக் குடு!"

செல்லக்கனி எடுத்துக் கொடுக்க, அவன் வாங்கித் தேய்க்க, விரல் விரலில் பட்டது. இருவரும் நிமிரவில்லை. ஐயாதுரைக்குப் பரபரப்பு ஏறிவிட்டது. கரண்டி, தட்டு, கிண்ணம் என்று கடையில் ஒன்று விடவில்லை. கடைசியில் கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளவென்று இருந்த முலாம் பூசிய குங்குமச் சிமிழை அவரே எடுத்து நீட்டினார்.

பொன்னுராஜ் தேய்த்தான். பஞ்சின் நுனி மெல்ல ரோஸாகியது.

கூட்டம் எட்டிப் பார்த்தது. ஐயாதுரை அந்தப் பஞ்சைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு அந்த வரிசைச் சிமிழ் முழுவதையும் எடுத்து ஒரு சாக்கில் போட்டு, கல்லாவுக்குப் பின்னால் தள்ளினார்.

"எங் கடையில இது இனிமே கெடையாது. மத்தது எல்லாம் நீங்களே பாத்தீக. ஆருக்காச்சும் சந்தேகம்னா இன்னைக்கே வீட்டுல வாங்கி வச்சதையும் கொண்டாங்க, தம்பி தேச்சுக் காட்டும்."

"கொண்டாங்க," என்றான் பொன்னுராஜ், நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே. "இன்னொண்ணும் சொல்லணும். இந்த ஒவ்வாமை தொத்து இல்ல. ரத்தம் கெட்டதும் இல்ல. இங்க நிக்கிற உங்கள்லயே பத்துல ஒருத்தருக்கு இருக்கும். ஐயா மக ரத்தத்த நான் பாத்திருக்கேன். அதுல ஒரு கொறையும் கெடையாது."

விஷயம் கேட்டுக் கடைக்கு ஓடி வந்திருந்த பிச்சையம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இது வேறு அழுகை.

கூட்டம் கலைந்தபோது மழை மறுபடி பிடித்துக்கொண்டது. வாங்க நின்றவரிடம் குடத்துக்கு விலை சொன்னபடியே ஐயாதுரை திரும்பினார். "தம்பிக்குத் தேவதானமா? யாரு மகன்?"

"சிவனாண்டி மகன்ங்க. அம்மா சுந்தரம்மாள். நெல்லு வெவசாயம்."

"ம்... இருங்க, சாப்பிட்டுத்தான் போகணும்." அந்த 'ம்'மில் ஏகப்பட்ட சேதி இருந்தது. செல்லக்கனிக்குக் காது சூடாகியது.

*

கடைக்குப் பின்னால் சரக்கு அறை. குனிந்து கை கழுவிக்கொண்டிருந்தவனுக்குத் துண்டை நீட்டினாள். ஓட்டில் மழை தடதடத்தது.

"கோவமா?" என்றான்.

"நிக்கலப் பாத்தாத்தான் எனக்குக் கோவம் வரும்னு சொன்னீகளே."

"என்னையப் பாத்தாலும் வருதுன்னு தெரியுது."

துண்டை வாங்கியவன் துடைக்காமலே நின்றான்.

"செல்லக்கனி... ஒங்க ரத்தத்த ஆராய்ச்சியில சேக்கப் போறதில்ல. புரொபசர்கிட்டச் சொல்லிட்டேன். திட்டுனாரு. இருக்கிறதுலயே நல்ல சாம்பிள் அதுதானே."

அவள் திடுக்கிட்டாள். "ஏன்? ஊரு பேசுனதுக்காகவா?"

"இல்ல." அவன் தரையைப் பார்த்தான். பேசப் பேச நின்று நின்று வந்தது. "எத்தன அணு ஒளிருதுன்னு எண்ணணும். அதுதான் என் வேல. மத்தவங்களத எண்ணுதேன், சரியா வருது. ஒங்களது வந்தா... கூட எண்ணிப்புடுதேன். எண்ணிக்கிட்டு இருக்கும்போதே பாத்துக்கிட்டு நின்னுருதேன். விளக்கு சூடேறி அணைஞ்சது தெரியாம இருந்திருக்கேன். ஆராய்ச்சி பண்றவன் சாம்பிள் மேல ஆசை வைக்கக்கூடாதுங்க. வச்சா அது ஆராய்ச்சி இல்ல. நான்... வச்சுட்டேன்."

"பஸ்ல எங் காதத்தான பாத்தீக?" சின்னக் குரலில் கேட்டாள்.

"மொதல்ல காதுதான். பொய் சொல்ல மாட்டேன். பொறவு கண்ண மூடிக்கிட்டு, பயந்துக்கிட்டே, யாரோ ஒருத்தரு ரத்தத்த அணைச்சுப் புடிச்சிருந்தீகளே... அந்தக் கைய. அதுக்குப் பொறவு எதப் பாக்கலைன்னு கேளுங்க."

செல்லக்கனிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முந்தானை தோளில் சரிந்திருந்தது. கழுத்துத் தெரிந்தது. அவள் இழுத்து மூடவில்லை.

"என் ரத்தத்த விட்டுராதீக. எழுதுங்க," என்றாள். "என்னிய மாதிரி எத்தன புள்ளைக கழுத்த மூடிக்கிட்டுத் திரியுதோ... அவுகளுக்குத் தெரியட்டும். நீங்க எண்ணுனாத்தான தப்பு வருது? வேற ஆள எண்ணச் சொல்லுங்க."

அவன் வியந்து பார்த்தான். "சேதுபதின்னு கூட்டாளி ஒருத்தன் இருக்கான்..."

"அவர எண்ணச் சொல்லுங்க. ஆனா எம் பேரு வேண்டாம். நம்பர் போட்டுக்கிடுங்க."

"நம்பர்தான் போடுவோம். பேரு எங்கயும் வராது."

"எங்கயும்னா?" அவள் கதவுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். முகத்தைக் காட்டத் தைரியம் இல்லை. "பேரயும் ஒரு எடத்துல போடுங்க."

"எதுலங்க?"

"பத்திரிகையில."

ஆராய்ச்சிக்காரன் குழம்பிவிட்டான். "ஆராய்ச்சிப் பத்திரிகையிலயா? அதுல பேரு போடக்கூடாதுன்னு நீங்கதான இப்ப..."

செல்லக்கனி திரும்பினாள். அந்தக் கண்களில் இருந்த ஒளியைப் பார்க்க அவனுக்கு எந்த நீல விளக்கும் தேவைப்படவில்லை.

"அட மக்கு ஆராய்ச்சி... மஞ்சத் தடவுற பத்திரிகையில!"